மச்சாள் நடத்திய வகுப்பு

ஒரு சனிக்கிழமைப் பிற்பகல், ஓஸ்லோவுக்கு அருகே லில்லெஸ்ட்ரோமில் இருந்த எங்கள் வீட்டு வரவேற்பறைக் கம்பளத்தின் மேல் மச்சாள் மல்லாந்து படுத்தார். கையில் தேநீர்க் கோப்பையோடு நின்ற எனக்கு எங்கே பார்ப்பதென்று தெரியவில்லை. மச்சாள் என் அண்ணனின் மனைவி, ஐம்பதை நெருங்கியவர், என் முன்னால் காலை நீட்டிக்கூட உட்காராதவர். முதியோர் இல்லத்தில் வேலை முடித்து நேரே வந்திருந்தார். வேலைக்குப் போடும் கறுப்புக் காற்சட்டையோடு, கண்களை மூடிக்கொண்டு, "தம்பி, இப்ப நான் மூச்சில்லாமல் கிடக்கிறன். நீர் என்ன செய்வீர்?" என்று கேட்டார்.

நான் சிரித்தேன். அவர் சிரிக்கவில்லை. என்னை முழங்காலில் இருக்கச் சொல்லி, என் ஒரு கையை எடுத்துத் தன் நெற்றியிலும், மற்றக் கையின் இரண்டு விரல்களைத் தன் முகவாய்க்குக் கீழும் வைத்தார். "தலையைப் பின்னாலை சரிச்சு நாடியை உயர்த்தும். இல்லாட்டி நாக்கு விழுந்து தொண்டையை அடைச்சுப்போடும். குறட்டை மாதிரி ஒரு சத்தம் வரும். நித்திரையாக்கும் எண்டு நினைச்சுத்தான் கனபேர் விட்டிடுகினமாம். அது நித்திரை இல்லைத் தம்பி. உடனை நூற்றிப்பதின்மூண்டுக்கு அடிக்கவேணும். பொலிஸ் வராது, அம்புலன்ஸ் மட்டும்தான் வரும். நான் கேட்டுட்டன். அது வருமட்டும் மூக்கைப் பொத்தி, வாயிலை ஊதி, நெஞ்சு எழும்புதோ எண்டு பாக்கவேணும்." பிறகு எழுந்து, தலைமயிரைச் சரிசெய்துகொண்டு, ஆறிப்போன தேநீரை ஒரே மூச்சில் குடித்தார்.

இதையெல்லாம் அவர் கற்றுக்கொண்டது ஹெரோயினுக்கு அடிமையான பிள்ளைகளின் தாய்மார் கூடும் ஒரு நோர்வேக் குழுவில். அங்கே போன ஒரேயொரு வெளிநாட்டுப் பெண் அவர்தான். "நல்ல மனிசர் தம்பி. ஆனால் அழவேண்டிய இடம் வரேக்கை எனக்கு அவையின்ரை பாஷை வரேல்லை," என்றார். தமிழ்த் தாய்மாருக்குத் தமிழில் இப்படியொரு இடம் வேண்டும், ஒரு தாதி வந்து இதைச் செய்து காட்டவேண்டும் என்பதுதான் அவர் கொண்டு வந்த கோரிக்கை. கைப்பைக்குள்ளிருந்து ஒரு பத்திரிகைத் துண்டை எடுத்து நீட்டினார். போதைப்பொருளால் சாகிற இளைஞர்களைக் காப்பாற்ற முயலும் சிறிய சங்கங்களுக்கு, வெளிநாட்டவர் சங்கங்களுக்கும்தான், நகரசபை சிறு தொகைகள் கொடுக்கப்போவதாக அதில் இருந்தது. எங்கள் பகுதியிலும் ஒரு தமிழ்ச் சங்கம் இருந்தது. நான் அதன் செயலாளர். அண்ணன் அதன் தலைவர்.

அண்ணனையும் மச்சாளையும் தெரிந்தால்தான் அந்தப் பத்திரிகைத் துண்டை என்னிடம் நீட்ட அவருக்கு எவ்வளவு துணிச்சல் வேண்டியிருந்தது என்பது விளங்கும். எண்பதுகளின் இறுதியில் இருவரும் நோர்வேயின் வடகோடியில் பாட்ஸ்பியோர்ட்டில் மீன் தொழிற்சாலையில் வேலை செய்தார்கள். பக்கத்துப் பக்கத்து மேசைகளில் நின்று, குளிரில் விரல் மரத்துப்போக மீனின் முள் எடுத்தார்கள். மகன் அங்கேதான் பிறந்தான். அவனைப் படிப்பித்து ஆளாக்குவதற்கென்றே ஓஸ்லோவுக்கு வந்து, கிழக்குப் பள்ளத்தாக்கில் ஒரு அடுக்குமாடியின் ஏழாவது மாடியில் வீடு வாங்கினார்கள். வடக்கு மீனவர்களின் பேச்சோடு வந்த கறுத்தப் பொடியனைப் பள்ளிக்கூடத்தில் பரிகசித்தார்கள் என்று எனக்குப் பின்னாளில்தான் தெரியும். பதினேழு வயதில் அவன் பள்ளிக்கூடத்தை விட்டான். பத்தொன்பதில் மத்திய ரயில் நிலையத்துக்கு முன்னால், ஊசி போடுகிறவர்கள் கூட்டமாய் நிற்கிற இடத்தில் நின்றான். அண்ணன் அவன் இங்கிலாந்தில் பொறியியல் படிக்கிறான் என்று சொன்னார். ஆண்டு மாற மாற முதலாம் ஆண்டு இரண்டாம் ஆண்டாயிற்று, இரண்டாம் ஆண்டு மூன்றாம் ஆண்டாயிற்று. கேட்டவர்களும் தலையாட்டினார்கள். அவர்களில் பாதிப்பேர் அவனை ரயில் நிலையத்தில் கண்டவர்கள்.

நானும் கண்டிருக்கிறேன். நான் மொழிபெயர்ப்பாளன். மருத்துவமனைகளிலும் அலுவலகங்களிலும் எங்கள் ஆட்களுக்காகக் கதைப்பது என் தொழில். ஒருநாள் அப்படி ஒரு முதியவரை அழைத்துக்கொண்டு நிலையத்தைக் கடந்தபோது, "சித்தப்பா" என்று ஒரு குரல் கேட்டது. அந்த இடத்தில் என்னை அப்படிக் கூப்பிடக்கூடியவன் ஒருவன்தான். நான் நடையைக்கூட மெதுவாக்கவில்லை. கூட வந்த முதியவர், "உம்மைத்தான் கூப்பிடுறான் போலை," என்றார். "வேறை ஆரையோ கூப்பிடுறான்," என்றேன். சில வாரங்கள் கழித்து, குளிக்கவும் சாப்பிடவும் அவன் வீட்டுக்கு வந்திருந்த ஒரு நாளில் நானும் அங்கே இருந்தேன். அவன் தானாகவே என்னிடம் வந்து, "அண்டைக்கு நான் கூப்பிட்டது பிழை சித்தப்பா. நீங்கள் வேலையிலை நிண்டனீங்கள்," என்றான். அவன் கேலி செய்யவில்லை. உண்மையாகவே மன்னிப்புக் கேட்டான். எலும்பும் தோலுமாய் இருந்த அவன் கை என் தோளைத் தட்டிவிட்டுப் போனது.

விண்ணப்பத்தை மச்சாளின் சமையலறையில் வைத்து எழுதினோம். அண்ணன் வீட்டில் இல்லாத நேரம் பார்த்து என்னை வரச்சொல்லியிருந்தார். அவர் சொல்லச் சொல்ல நான் நோர்வே மொழியில் எழுதினேன். மகனின் படுக்கையில் ஹெரோயின் புகைத்துக் கருகிய வெள்ளித்தாள் கிடந்தது, ஒருமுறை அவன் நீலமாய்க் கிடந்ததைக் கண்டு வாய்க்குள் தண்ணீர் ஊற்றியது, தண்ணீர் அவனைக் கொன்றிருக்கும் என்று பிறகு அந்தக் குழுவில் சொன்னது, எல்லாம் சொன்னார். பெயர் இல்லாமல், 'எங்கள் சமூகத்தைச் சேர்ந்த ஒரு தாய்' என்று எழுதினேன். நன்றாகத்தான் எழுதினேன், அது என் தொழில். என்ன செய்யப்போகிறீர்கள் என்ற இடத்தில் முதலாவதாக, தாதி ஒருவர் வந்து தமிழில் நடத்தும் உயிர்காக்கும் வகுப்பு என்று எழுதினேன். இரண்டாவதாக, மாதமொருமுறை தாய்மார் கூடும் பிற்பகல். பிறகு நான் கொடுத்தபோது அண்ணன் வாசித்தார். அந்தத் தாய் யார் என்று அவருக்குத் தெரியும். தலைவர் என்று இருந்த இடத்தில் கையெழுத்து வைத்தார்.

உதவி கிடைத்தது. கடிதத்தில், அந்தத் தாயின் கதை தங்களை மிகவும் பாதித்ததாக எழுதியிருந்தார்கள். செயற்குழு கூடியது. கடிதத்தை நான் வாசித்து முடித்ததும் அண்ணன் தொண்டையைச் செருமிக்கொண்டார். "வகுப்பு எண்டு வைச்சால் ஆர் வருவினம்? வாற ஆளின்ரை வீட்டிலை அப்பிடி ஒரு பிள்ளை இருக்கெண்டு ஊருக்கே தெரிஞ்சிடும். ஒரு தாயும் வரமாட்டா. நாங்கள் பொதுவா, இளையோருக்கு ஒரு விழிப்புணர்வு விழா செய்வம்," என்றார். எல்லோரும் என்னைப் பார்த்தார்கள், நான்தானே எழுதியவன். "செய்யலாம். நோக்கம் ஒண்டுதானே," என்றேன். ஒரு தாய் ஏற்கனவே காத்திருக்கிறார் என்று நான் சொல்லவில்லை. அந்த மேசையில் இருந்தவர்களில் அதைச் சொல்லக்கூடியவர்கள் இரண்டே பேர். ஒருவர் தலைவர், மற்றவன் செயலாளர்.

விழா ஒரு பள்ளிக்கூட மண்டபத்தில் நடந்தது. விளக்கேற்றினார்கள். சிறுமிகள் நடனம் ஆடினார்கள். போதை அரக்கனை வதம் செய்வதாக ஒரு நாடகமும் இருந்தது. அரக்கனாக நடித்த பையன் தலையில் கறுத்தக் குப்பைப் பையைக் கவிழ்த்துக்கொண்டு வந்து எல்லோரையும் சிரிக்கவைத்தான். மச்சாள் மண்டபத்தின் பின்னால் சமையலறையில் ரோல்ஸ் பொரித்துக்கொண்டிருந்தார். பெண்கள் பிரிவு அவரிடம் அந்த வேலையைக் கொடுத்திருந்தது. அண்ணன் மேடையேறி, "இது வெள்ளைக்காரன்ரை வியாதி. எங்கடை வளர்ப்பு வேறை. எங்கடை பிள்ளையள் அந்தப் பக்கம் போகாயினம்," என்று முழங்கினார். கைதட்டல் பெரிதாக எழுந்தது. நான் தேநீர் எடுக்கச் சமையலறைக்குப் போனேன். மச்சாள் எண்ணெய்ச் சட்டியைப் பார்த்தபடி, "நல்லாப் பேசுறார் என்ன?" என்று கேட்டார். அடுத்த ரோல்ஸை எண்ணெயில் போட்டார். அன்று அவர் என்னைத் திட்டியிருந்தால் எனக்கு வசதியாக இருந்திருக்கும்.

விழா முடிந்ததும் கொம்மூனுக்கு, அதாவது நகரசபைக்கு, அறிக்கை அனுப்பவேண்டியிருந்தது. திட்டமிட்டபடி செய்தீர்களா என்று படிவம் கேட்டது. உயிர்காக்கும் வகுப்பு நடந்தது, தாய்மார் ஆர்வத்தோடு பங்குபற்றினார்கள் என்று எழுதினேன். யாரும் என்னை அப்படி எழுதச் சொல்லவில்லை. உண்மையை எழுதியிருந்தால் என்ன நடந்திருக்கும் என்று இன்றும் எனக்குத் தெரியாது. ஒன்றும் நடந்திருக்காது என்றுதான் நினைக்கிறேன். நன்றி சொல்லி ஒரு கடிதம் வந்தது.

அந்த வருடம் முடிவதற்கு முன், ஒரு வேலைநாள் முற்பகலில் அண்ணனிடமிருந்து அழைப்பு வந்தது. நான் வீட்டில் இருந்தேன். மச்சாள் வேலைக்குப் போயிருந்தார். மகன் குளிக்க வந்திருந்தான். அண்ணனின் குரல் மிகவும் தணிந்திருந்தது, பக்கத்தில் யாரோ தூங்குவதுபோல.

"இவன் பாத்ரூமிலை கிடக்கிறான். நிறம் மாறிப்போச்சு."

நான் முதலில் கேட்ட கேள்வியை இங்கே எழுதத்தான் இவ்வளவு தூரம் வந்திருக்கிறேன். மூச்சு வருகிறதா என்று நான் கேட்கவில்லை. "ஆரும் கண்டவையோ?" என்று கேட்டேன்.

"இல்லை. குறட்டை மாதிரி ஒரு சத்தம் வருது."

"அம்புலன்சுக்கு அடிச்சனீங்களோ?"

"எப்பிடி அடிக்கிறது? சத்தம் போட்டுக்கொண்டு வாசலிலை வந்து நிக்கும். கீழை ரெண்டு தமிழ் வீடு. நீ வா. மச்சாள் உனக்குச் செய்து காட்டினவதானே. உனக்குத் தெரியும்."

எனக்குத் தெரியும். தலையைச் சரிக்கவேண்டும், நாடியை உயர்த்தவேண்டும், ஊதவேண்டும். தொலைபேசியிலேயே சொல்லியிருக்கலாம். ஒருவர் சொல்வதை இன்னொருவருக்குச் சொல்வதைத் தவிர வேறு தொழில் எனக்கு இருந்ததில்லை. "பொறுங்கோ, வாறன்," என்று சொல்லிவிட்டுக் கார்ச் சாவியைத் தேடினேன்.

பாதி வழி போனபின்தான் காரை ஓரம் நிறுத்தி நூற்றிப்பதின்மூன்றை அழைத்தேன். கதவைத் திறந்து வையுங்கள், மூச்சு இருக்கிறதா பாருங்கள் என்று மறுமுனையில் ஒரு பெண் நிதானமாகச் சொன்னாள். நான் அங்கே இல்லை என்றேன். "நீங்கள் அங்கே இல்லையா?" என்று ஒருமுறை கேட்டுவிட்டு முகவரியை வாங்கிக்கொண்டாள். நான் போய்ச் சேர்ந்தபோது அம்புலன்ஸ் வாசலில் நின்றது. சத்தம் போடவில்லை. கீழ்வீடுகளின் திரைச்சீலைகள் அசையவுமில்லை. எல்லோரும் வேலைக்குப் போயிருந்தார்கள். குளியலறையில் மூன்றுபேர் என் பெறாமகனை, அண்ணனின் மகனை, சுற்றி முழங்காலில் இருந்தார்கள். அண்ணன் சுவரோடு ஒட்டி நின்று, அவனுடைய சப்பாத்துகளைக் கையில் பிடித்திருந்தார்.

அவன் சாகவில்லை. இதயம் திரும்ப அடித்தது, மற்றதொன்றும் திரும்பவில்லை. தீவிர சிகிச்சைப் பிரிவில் மருத்துவர் பேச உட்கார்ந்தபோது, மொழிபெயர்ப்பாளர் வேண்டுமா என்று கேட்டார். மச்சாள் என்னைப் பார்த்துவிட்டு, வேண்டாம், தனக்கு விளங்கும் என்று நோர்வே மொழியில் சொன்னார். மூளைக்குக் காற்று போகாமல் இருந்த நேரம் கூடிவிட்டது என்றார் மருத்துவர். மச்சாள் தலையாட்டினார். அன்று அவர் கேட்ட ஒரே கேள்வி, முதலில் யார் கண்டது என்பது. அண்ணன், "நான்தான். கண்டவுடனை தம்பிக்கு அடிச்சனான்," என்றார். தான் செய்ததன் பொருள் அவருக்கு அப்போதும் விளங்கவில்லை. மச்சாளுக்கு விளங்கியது. லில்லெஸ்ட்ரோமிலிருந்து அந்த வீட்டுக்கு எவ்வளவு நேரம் என்று அவருக்குத் தெரியும். எத்தனையோ முறை வந்து போனவர்.

அதன்பின் நடந்ததுதான் எனக்கு எல்லாவற்றிலும் கொடுமையாகத் தெரிந்தது. இங்கிலாந்தில் படித்துக்கொண்டிருந்த பிள்ளை, விடுமுறைக்கு வந்த இடத்தில், குளியலறையில் வழுக்கி விழுந்து தலையில் அடிபட்டுவிட்டான் என்று அண்ணன் எல்லோருக்கும் சொன்னார். அதுவரை அந்த வீட்டுப் படி ஏறாதவர்கள் எல்லாம் சோறும் கறியுமாக வந்தார்கள். கோயிலில் அவன் பெயருக்கு அர்ச்சனை செய்தார்கள். "கடைசி வருசம் வேறை," என்று ஒரு அம்மா கண்ணைத் துடைத்தார். அவர் அவனை நிலையத்தில் கண்டு, தன் மகளை மறுபக்கம் இழுத்துக்கொண்டு போனவர். எனக்கே வந்து சொன்னவர். உயிரோடு நடந்து திரிந்தபோது அவனுக்குக் கிடைக்காத அத்தனை அன்பும், வாயில் குழாயோடு கிடந்தபோது கிடைத்தது. மச்சாள் வந்தவர்களுக்குத் தேநீர் கொடுத்தார். வழுக்கி விழுந்தான் என்று ஒருதரம்கூட அவர் சொல்லவில்லை. இல்லை என்றும் சொல்லவில்லை.

மகனை ஒரு பராமரிப்பு இல்லத்துக்கு மாற்றியபோது, அவனுடைய பிறப்புப் பத்திரத்தைத் தேடி மச்சாள் அண்ணனின் கோப்புகளைக் கிளறினார். சங்கத்தின் அறிக்கைப் பிரதி அதற்குள் இருந்தது. மறுநாள் அவர் ரயிலெடுத்து லில்லெஸ்ட்ரோமுக்கு வந்தார். உள்ளே வரவில்லை. வாசலில் நின்று தாளை நீட்டினார்.

"தம்பி, இது நீர் எழுதினதோ?"

"ஓம் மச்சாள்."

"வகுப்பு நடந்தது எண்டு எழுதியிருக்கிறீர்."

நான் தாளை வாங்கினேன்.

"அப்ப நடத்தும்," என்றார். "கொம்மூனுக்குப் பொய் சொல்லக்கூடாது."

நடத்தினேன். மண்டபம் எடுத்தேன், தாதியைப் பிடித்தேன், அறிவித்தல் ஒட்டினேன். அண்ணன் தடுக்கவில்லை, தடுக்கும் வலு அவரிடம் இல்லை. அவரும் வரவேண்டும் என்று மச்சாள் சொல்லிவிட்டார். வந்த தாய்மார் நான்கு பேர். இருவர் நகரின் மறுகோடியிலிருந்து, தங்களை அறிந்தவர்கள் இல்லாத இடமென்று தேடி வந்தவர்கள். ஒருவரையொருவர் கண்டதும் இருவருக்கும் முகம் செத்துப்போனது, அவர்கள் ஒரே கோயிலுக்குப் போகிறவர்கள். தாதி மேசையில் ஒரு ரப்பர்ப் பொம்மையைக் கிடத்தி, பேசி, செய்து காட்டினார். நான் தமிழில் சொன்னேன். தாய்மார் முறைக்கு முறை குனிந்து ஊதினார்கள். ஒருத்தி ஊதி முடித்ததும் பொம்மையின் நெற்றியைத் தடவிவிட்டாள்.

கேள்வி இருக்கிறதா என்று தாதி கேட்டார். மச்சாள் கை உயர்த்தினார். எழுந்து நின்று, என்னைப் பார்த்துத் தமிழில் கேட்டார்.

"ஒருத்தருக்கு மூச்சு நிண்டால், மூளை கெட்டுப்போறதுக்கு முதல் எங்களுக்கு எவ்வளவு நேரம் இருக்கு எண்டு கேளும் தம்பி."

கேட்டேன். தாதி சொன்னார். ஒரு மொழிபெயர்ப்பாளன் கூட்டவோ குறைக்கவோ கூடாது, சொன்னதைச் சொன்னபடி, 'நான்' என்றால் 'நான்' என்றே சொல்லவேண்டும். இத்தனை வருடம் அந்த விதியை நான் மீறியதில்லை. அன்றைக்கு நான் மேசையில் கிடந்த பொம்மையையே பார்த்துக்கொண்டு நின்றேன். தாதி நான் கேட்கவில்லை என்று நினைத்து மறுபடி சொன்னார்.

"சில நிமிசம்தான்," என்றேன். "மூண்டு, நாலு நிமிசம். அதுக்குள்ளை ஊதத் துவங்கவேணும். பக்கத்திலை நிக்கிற ஆள்தான் செய்யவேணும். வேறை ஆளுக்குக் காத்திருக்கக்கூடாது."

மச்சாள் திரும்பி, பின்வரிசையில் இருந்த அண்ணனைப் பார்த்தார். "உங்களுக்கும் விளங்கினதோ?"

"ஓம்," என்றார் அண்ணன். அப்போதுதான் அவருக்கு விளங்கியது. அவருடைய முகத்தில் அது இறங்கியதை நான் பார்த்தேன். பார்க்காமல் இருந்திருக்கலாம்.

பெறாமகன் மூன்று குளிர்காலம் இருந்தான். மச்சாள் ஒவ்வொரு நாளும் போய் அவனைக் கழுவி, நகம் வெட்டி, காதுக்குள் ஏதேதோ சொல்லிவிட்டு வந்தார். ஒரு காய்ச்சலோடு அவன் போனான். மரண அறிவித்தலில் 'விபத்தில்' என்று போடவேண்டும் என்று அண்ணன் கேட்டதாகவும், மச்சாள் அந்தச் சொல்லைப் பேனாவால் வெட்டியதாகவும் அறிந்தேன். இருவரும் இன்றும் அதே ஏழாவது மாடியில் இருக்கிறார்கள். மச்சாள் சமைக்கிறார், அவர் சாப்பிடுகிறார். அண்ணன் யாரோடும் அதிகம் கதைப்பதில்லை. யாராவது கேட்டால் மட்டும், வழுக்கி விழுந்தவன் என்கிறார்.

இப்போது காலம் மாறிவிட்டது. மூக்கில் அடித்தால் ஆளை எழுப்பிவிடுகிற மருந்தைத் தாய்மாருக்கு இனாமாகக் கொடுக்கிறார்கள். மச்சாளின் வகுப்புக்கு இப்போது தகப்பன்மாரும் வருகிறார்கள், பெயரையும் சொல்கிறார்கள். ஆண்டுதோறும் சிறு உதவிக்கு விண்ணப்பத்தை அவரே எழுதுகிறார். இப்போது அவருக்கு நோர்வே மொழி நன்றாக வரும். ஆனாலும் ஒவ்வொரு வகுப்புக்கும் மொழிபெயர்க்க என்னைத்தான் கூப்பிடுகிறார். ஒவ்வொரு வகுப்பின் முடிவிலும் கை உயர்த்தி, அதே கேள்வியைக் கேட்கிறார். தாதிகள் மாறுகிறார்கள், பதில் மாறுவதில்லை. நான் சொல்கிறேன்.

அண்மையில் ஒருநாள் வகுப்பு முடிந்து அவரைக் காரில் கொண்டுபோய் விட்டேன். வாசலில் நிறுத்தியபோது, பல வருடங்களாகக் கேட்க நினைத்ததைக் கேட்டுவிட்டேன். "மச்சாள், தாதி சொல்லுறது உங்களுக்கே விளங்கும். வந்தவைக்கு நீங்களே சொல்லலாம். பிறகேன் என்னைக் கூப்பிடுறியள்?"

அவர் இருக்கைப் பட்டியைக் கழற்றினார். குரலில் கோபம் இல்லை. சாப்பிட்டீரா என்று கேட்கிற குரல்தான்.

"எனக்கு விளங்கும் தம்பி. நீர் சொல்லவேணும்," என்று சொல்லிவிட்டு இறங்கி, கதவை மெதுவாகச் சாத்தினார்.